கருப்பைக் கழுத்துக்குக் காவல் எது?

திருகோணமலையின் உட்துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் ஓர்ஸ் ஹில்லில் உத்தியோகத்தரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் தாதியரும் வாழ்கின்றனர். அக்குன்றை விட்டிறங்கிக் கன்னியாவுக்கும் தம்பலகாமத்துக்கும் சென்றாலோ, விரிகுடாவைச் சுற்றி மூதூருக்குச் சென்றாலோ, நெல்லும் தோட்டப் பயிரும் விளைவித்து நாட்டுக்குச் சோறிடும் கமக்காரக் குடும்பங்களைக் காண்கின்றோம். வருவாயிலும் வாழ்க்கை முறையிலும் வேறுபட்ட இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டு நிற்கின்றனர். தம் வீட்டுப் பெண்களின் கருப்பைக் கழுத்து நலத்தைப் பற்றி இரு சாராரும் வாய் திறப்பதில்லை. அறிந்தவர் வாய்மூடி நிற்கும் இடத்திலே வியாபாரி வாய் திறக்கின்றான்.

அவன் சொல்வது என்ன? “இக்குளிசையில் ஒட்சியேற்ற எதிரிகள் உள்ளன, இதனை நாள்தோறும் விழுங்கினால் கருப்பைக் கழுத்து உறுதிபெறும், கெட்ட கலங்கள் மறையும், புற்றுநோய் அணுகாது” என்கின்றான். கைபேசியைத் திறந்தால் இவ்விளம்பரம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பொதியிலும் இதே புட்டி. கல்வி கற்றவர் விஞ்ஞானச் சொல்லைக் கண்டு நம்புகின்றனர். கல்லாதவர் கற்றவர் வாங்குவதைக் கண்டு நம்புகின்றனர். ஆகவே இக்குளிசைகளின் உண்மையான பெறுமதி யாது, கருப்பைக் கழுத்தைக் காக்கும் வழி யாது என்பதை விளக்கமாகக் கூறுவது எமது கடமையென்று கருதுகின்றோம்.

நோயின் முதல் எது?

ஒட்சியேற்ற எதிரி என்பது பொய்யான பொருளன்று. எமது உடலிலுள்ள கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தி பெறும்போது, தாக்குந்தன்மை வாய்ந்த சில மூலக்கூறுகள் பக்கவிளைவாகத் தோன்றுகின்றன. அவை கலத்தின் மென்சவ்வையும் மரபணுவையும் ஊறுபடுத்த வல்லன. அவற்றின் வேகத்தை அடக்கும் பொருள்களையே ஒட்சியேற்ற எதிரிகள் என்கின்றனர். விற்றமின் சி, விற்றமின் ஈ, பூசணிக்கும் பப்பாளிக்கும் மஞ்சள் நிறந்தரும் பீற்றா கரோட்டின் ஆகியன இவ்வகையின. மரக்கறியும் பழமும் நிறைய உண்போரிடையே சில புற்றுநோய்கள் குறைவாயிருப்பதைக் கண்ட அறிஞர்கள், அப்பொருள்களைக் குளிசையாக்கிக் கொடுத்தாலும் அதே நன்மை கிட்டுமோ என்று எண்ணினார்கள். எண்ணியதில் தவறில்லை. எண்ணம் வேறு, மெய்ப்பித்தல் வேறு என்பதையே விற்பவர் மறைக்கின்றனர்.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தும், அதனுள் ஒரு மருந்தின் பெயரையேனும் கூறினாரல்லர். அளவறிந்து உண்பதையும், நோயின் முதலைத் தேடுவதையுமே அவர் வற்புறுத்தினார். அவ்வழியிலே நாமும் இந்நோயின் முதல் எதுவென்று முதலில் நாடுவோம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் விற்றமின் குறைவினால் வருவதன்று. அந்நோய்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஹியூமன் பப்பிலோமா என்னும் வைரசுக் கிருமி. ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹரால்ட் சூர் ஹௌசன் 1980களின் முற்பகுதியில் இதனை நிலைநாட்டினார். அதற்காக 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். இக்கிருமியின் பல இனங்களுள் 16ஆம், 18ஆம் இலக்கத்தன இரண்டுமே இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணமாகின்றன. கலங்கள் கட்டின்றிப் பெருகாவண்ணம் காக்கும் புரதங்கள் எம் உடலிலே உள்ளன. இக்கிருமி தோற்றுவிக்கும் இரு புரதங்கள் அக்காவலரையே செயலிழக்கச் செய்கின்றன. காவலரை இழந்த கலம் மெல்ல மெல்லத் திரிபடைந்து, ஈற்றில் புற்றாகின்றது.

இந்த ‘மெல்ல மெல்ல’ என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். உடல் எதிர்ப்புச் சக்தி குன்றாத பெண்ணில் திரிபடைந்த கலம் புற்றாக மாறுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்கின்றன என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இத்துணை நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் சிலவே. அந்த அவகாசத்துள் ஒருமுறையேனும் தக்க பரிசோதனை செய்து, திரிபுற்ற பகுதியை அகற்றிவிட்டால், நோய் பிறக்குமுன்னரே ஒழிகின்றது. அவ்வாறிருந்தும் 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 3,50,000 பேர் மடிந்தனர். மடிந்தோருட் பெரும்பாலோர் எம்மைப்போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளின் பெண்கள் என்பது நெஞ்சை உறுத்தும் உண்மையாகும்.

பனம்பழமும் காகமும்

“ஆயின் குளிசை உண்டு குணமடைந்தோர் இருக்கின்றனரே!” என்று சிலர் வாதிப்பர். இருக்கின்றனர், மறுக்கின்றோமில்லை. ஆனால் அவர்களைக் குணப்படுத்தியது எது? பப்பிலோமாக் கிருமி தொற்றியோருள் ஏறத்தாழ 90 வீதத்தினரின் உடல், எம்மருந்தும் இன்றியே, இரண்டு ஆண்டுகளுக்குள் அதனை வென்றுவிடுகின்றது. கலங்களிற் காணும் இலேசான திரிபும் பெரும்பாலும் தானாகவே மறைகின்றது. அக்காலத்தில் ஒருத்தி விற்றமின் விழுங்கினால் விற்றமினுக்குப் புகழ். கசாயம் குடித்தால் கசாயத்துக்குப் புகழ். நேர்த்தி வைத்தால் நேர்த்திக்குப் புகழ். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையே இது. தானாக மறையாத சிலருடைய திரிபே புற்றாகின்றது. அச்சிலர் குளிசையை நம்பியிருந்து ஏமாந்த கதையை எவ்விளம்பரமும் சொல்வதில்லை.

காகத்தையும் பனம்பழத்தையும் பிரித்தறிய ஒரு வழியுண்டு. ஒரு சாராருக்கு மெய்யான குளிசையும், மறு சாராருக்கு அதனைப்போன்ற வெறுங்குளிசையும் கொடுத்து, இரு சாராரையும் ஒப்புநோக்குவதே அவ்வழி. கருப்பைக் கழுத்துக் கலங்கள் திரிபுற்ற பெண்களிடையே அவ்வாறே சோதித்தார்கள். 1991இல் நெதர்லாந்திலிருந்து வெளியான ஆய்விலே பீற்றா கரோட்டின் பயன் தரவில்லை. 1992இல் அமெரிக்காவில் போலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தனர். அதுவும் பயன் தரவில்லை. 1999இல் அவுஸ்திரேலியாவில் பீற்றா கரோட்டினையும் விற்றமின் சியையும் சோதித்தனர், அங்கும் ஏமாற்றமே. 2001இல் அமெரிக்காவிலிருந்து மீண்டும் பீற்றா கரோட்டினைப் பற்றிய முடிவு வந்தது, அதுவும் அவ்வாறே.

“பயன் இல்லாவிடினும் கேடு இல்லையே” என்று ஆறுதல் கொள்வோர்க்கு மேலுமொரு செய்தி கூறுவோம். பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீற்றா கரோட்டின் குளிசை உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் 18,314 பேரிடையே நடந்த இதைப்போன்ற ஆய்வொன்றில் அந்நோய் 28 வீதம் கூடியதால், 1996இல் அதனைக் காலம் முடியுமுன்னரே நிறுத்தினர். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, புற்றுநோயைத் தடுக்கும் நோக்கத்துடன் பீற்றா கரோட்டினையும் விற்றமின் ஈயையும் உட்கொள்ள வேண்டாமென 2022இல் வெளிப்படையாகவே பரிந்துரைத்தது. உணவிலே நன்மை செய்த பொருள், செறிந்த குளிசையாகும்போது தீங்கும் செய்யலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நாம் விற்றமினுக்குப் பகைவரல்லர். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் அவசியமானவை; அவற்றை ஒருநாளும் நிறுத்தலாகாது. குறைபாடு உண்டென்று வைத்தியர் கண்டு தரும் விற்றமினும் மருந்தே. முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணியும் பூசணியும் பப்பாளியும் நெல்லிக்கனியும் எமது மண்ணின் செல்வங்கள். அவற்றை உண்ணுங்கள், வேலியோரத்தில் நின்று தரும் முருங்கையை மறந்து, கடல்கடந்து வந்த புட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆயினும் முருங்கையிலையே உண்டாலும் பரிசோதனைக்குச் சென்றே ஆகவேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகின்றோம். உணவு உடலுக்கு உரம் தரும். கிருமி புகுந்து திரித்த கலத்தைக் கண்டுபிடித்துத் தராது.

திண்டுக்கல் காட்டிய வழி

பரிசோதனை என்பது மேனாட்டாருக்கும் செல்வருக்கும் மட்டுமே உரியது என எண்ணற்க. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்திலே, எம் கமக்காரரைப் போன்ற உழவர் குடும்பத்துப் பெண்களிடையே, 2000ஆம் ஆண்டில் ஒரு பெரும்பணி தொடங்கியது. அம்பிலிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல நிலையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து அதனை நடத்தின. அப்பகுதியை 114 கூறாக வகுத்து, பாதிக் கூறுகளில் வாழ்ந்த 30 முதல் 59 வயதுவரையான பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தனர். வந்தோர் ஏறத்தாழ 31,000 பேர். அங்கே பெரும் இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. பயிற்சி பெற்ற தாதியர், நீர் கலந்த அசெற்றிக் அமிலத்தைக் கருப்பைக் கழுத்திலே தடவிப் பார்த்தனர். திரிபுற்ற இடம் வெண்மையாகத் தெரியும். அவ்விடத்தைக் குளிரூட்டி அழித்தனர். அந்த அசெற்றிக் அமிலம் எம் சமையலறைக் காடியிலும் உள்ள பொருளேயாம்.

2007இல் முடிவு வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோய் 25 வீதமும், இந்நோயால் நேர்ந்த மரணம் 35 வீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒருமுறை செய்த பரிசோதனையின் பயன் இது! எந்த விற்றமின் குளிசையாவது இதில் நூறில் ஒரு பங்கு சாதித்ததாகக் காட்ட முடியுமா?

எமது நாட்டிலும் வழி இல்லாமலில்லை. ‘சுவநாரி’ என்று சிங்களத்திலும், சுகவனிதையர் கிளினிக் என்று தமிழிலும் வழங்கும் பெண்கள் நல நிலையங்கள் 1996இல் தொடங்கின. 35 வயதினரையும் 45 வயதினரையும் முதன்மையாகக் கருதி, அங்கே கருப்பைக் கழுத்துப் பரிசோதனையை இலவசமாகவே செய்கின்றனர். சில நிமிடங்களில் முடியும் காரியம். 2017ஆம் ஆண்டில் 6ஆம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலையிலேயே பப்பிலோமாத் தடுப்பூசி ஏற்றும் திட்டமும் ஆரம்பமாயிற்று. இத்தடுப்பூசியின் வல்லமையை ஸ்கொட்லாந்து நாடு நிரூபித்துள்ளது. அங்கு 12, 13 வயதிலே முழுமையாகத் தடுப்பூசி பெற்ற பெண்களுள் ஒருவருக்கேனும் ஊடுருவும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏற்படவில்லை என 2024இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எனினும் தடுப்பூசி இக்கிருமியின் எல்லா இனங்களையும் தடுப்பதில்லை. ஆதலால் ஊசி பெற்ற மகளும் உரிய வயதிலே பரிசோதனைக்குச் செல்லவேண்டும்.

நாணம் உயிரைவிட மேலானதா?

இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை நாடாது, காசு கொடுத்துப் புட்டி வாங்குவது ஏன்? நாணமே காரணம். குளிசையை வீட்டுக்குள் இருந்து விழுங்கலாம். யாருக்கும் உடலைக் காட்ட வேண்டியதில்லை. நாணத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அது எமது பெண்மக்கள் போற்றி வளர்த்த பண்பு. ஆனால் பிள்ளைப்பேற்றின்போது தாதியின் துணையை ஏற்கும் தாய், தன் உயிரைக் காக்கும் அரை நாழிகை நேரத்துக்கு அதே தாதியை ஏற்க மறுப்பது முறையாகுமா?

இன்னொரு பழியையும் இங்கே துடைத்தெறிய வேண்டும். இக்கிருமி உடலுறவால் தொற்றுவது என்று கேட்டதும், சிலர் நோயாளியின் ஒழுக்கத்தை ஐயுறுகின்றனர். இது அறியாமை. உலகிலே இல்லறம் நடத்தும் ஆண், பெண் ஆகியோருட் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இக்கிருமியை எதிர்கொள்கின்றனர். பல்லாண்டு மறைந்திருந்தும் அது வெளிப்படலாம். ஆதலின் கற்பிற் சிறந்த மனைவிக்கும் இது வரலாம். உத்தமனான கணவனிடமிருந்தும் வரலாம். நோயாளியைப் பழிப்பவர், அடுத்த பெண்ணையும் கிளினிக்கின் வாசலிலிருந்து விரட்டியவராகின்றார்.

மாதவிடாய்க்கு இடையிலோ, உறவுக்குப் பின்னரோ, மாதவிடாய் முற்றாக நின்ற பின்னரோ குருதி தென்பட்டாலும், துர்நாற்றமுள்ள கசிவு நீடித்தாலும், வயதையும் முந்திய பரிசோதனையின் முடிவையும் பாராது உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். அந்நிலையில் புட்டியை நாடுவது காலத்தைக் கொலைசெய்வதாகும். முற்றிய பின்னர் மட்டக்களப்புக்கும் தெல்லிப்பழைக்கும் மகரகமைக்கும் அலைந்து, வயலை ஈடுவைத்து, பிள்ளைகளை அயலாரிடம் விட்டு, ஒரு குடும்பம் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். குளிசைக்குச் சென்ற பணம் சிறிது. குளிசையை நம்பி இழந்த ஆண்டுகளே பெரிது.

ஆட்சியாளர் செய்யவேண்டியவை

மக்களைக் குறைகூறிவிட்டு ஆட்சியாளரை விட்டுவிட எமக்கு எண்ணமில்லை. 1971ஆம் ஆண்டிலே பேராசிரியர் சேனக பிபிலே, கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்காவுடன் சேர்ந்து இந்நாட்டின் மருந்துக் கொள்கையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். தேவையான மருந்தை, வணிகப் பெயரின் மினுக்கமின்றி, நியாயமான விலையில் மக்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவரது கொள்கை. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் பிறந்தது. அம்மரபில் வந்த நாட்டிலே, புற்றுநோயைத் தடுக்குமென்று வாய்கூசாது கூறும் விளம்பரங்கள் தடையின்றி உலவுவது வெட்கக்கேடு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவியபோது, மருந்துக்கும் மற்றைப் பொருளுக்கும் இடைப்பட்ட எல்லைப் பொருள்களையும் அதன் அதிகாரத்துள் அடக்கியது. அந்த அதிகாரம் ஏட்டிலே உறங்கலாகாது. சான்று காட்டமுடியாத எந்தப் புட்டியிலும் ‘புற்றுநோய்’ என்ற சொல்லை அச்சிட இடமளிக்கலாகாது.

அடுத்தது மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியென்று சாசனத்திலே எழுதிவைத்தது. சாசனத்தில் எழுதினாற் போதுமா? பெண்ணொருத்தி தன் உடலின் மிக மறைவான துன்பத்தை எடுத்துரைக்கும் இடத்திலன்றோ தாய்மொழி முதலில் வேண்டும்! கிளினிக் அழைப்பும், பரிசோதனைப் படிவமும், முடிவை அறிவிக்கும் கடிதமும், மேற்சிகிச்சைக்கான விளக்கமும் தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழிலேயே கிடைக்கவேண்டும். தமிழ் பேசும் பெண் ஊழியரே அவளைப் பரிசோதிக்க வேண்டும். முடிவு மாதக்கணக்கில் தேங்காது அவள் கையை அடையவேண்டும். முடிவு அறியாத பரிசோதனை, அறுவடை செய்யாத வயலுக்கு ஒப்பாகும்.

கிருமியின் மரபணுவையே நேரடியாகக் கண்டறியும் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் முதன்மையாகப் பரிந்துரைத்தது. அதற்குரிய மாதிரியைப் பெண் தானே மறைவாக எடுத்துக் கொடுக்கவும் முடியும். நாணத்தால் தயங்கும் பெண்ணுக்கும், பேருந்து அரிதாயுள்ள வெருகல், குச்சவெளி முதலிய இடங்களில் வாழும் பெண்ணுக்கும் இதனைவிட ஏற்ற வழி வேறில்லை. கொழும்பை அண்டிய மாவட்டங்கள் பெறும் வசதியைத் திருகோணமலையும் அதே காலத்தில் பெறவேண்டும் என்று நாம் கோருகின்றோம். இது சலுகை கேட்பதன்று. வரி செலுத்தும் மக்கள் உரிமை கேட்பதாகும்.

ஓர்ஸ் ஹில் முதலாய இடங்களிலுள்ள படித்த பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர்கள் தடுப்பூசி நாளின் முன்னரே பெற்றோரை அழைத்து விளக்கட்டும். மருந்துக்கடை நடத்துவோர், ‘கருப்பைக் கழுத்துக்கு’ என்று புட்டி கேட்டு வரும் பெண்ணுக்குக் கிளினிக்கின் நாளையும் சொல்லியனுப்பட்டும். வைத்தியரும் தாதியரும் கமக்கார அமைப்புகளின் கூட்டங்களுக்கே சென்று பேசட்டும். கமக்காரப் பெருமக்களே, பெரும்போக விதைப்பும் அறுவடையும் உங்கள் வீட்டுப் பெண்களின் நாட்களை விழுங்கிவிடுகின்றன. ஒரு நாளை அவர்களுக்காக ஒதுக்குங்கள். நீங்களே உடன் சென்று வாசலில் காத்திருங்கள். பயிரைப் பூச்சி அரித்த பின்னர் உரமிட்டுப் பயனில்லை என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. வரம்பிலே நின்று நாள்தோறும் பயிரைப் பார்ப்பவனே விளைவைக் காக்கின்றான்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் ஓர் இலக்கை வகுத்தது. 2030ஆம் ஆண்டுக்குள் 15 வயதுக்கு உட்பட்ட சிறுமியருள் 90 வீதத்தினர் தடுப்பூசி பெறவேண்டும். பெண்களுள் 70 வீதத்தினர் 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனை பெறவேண்டும். நோய் கண்டோருள் 90 வீதத்தினர் சிகிச்சை பெறவேண்டும். இம்மூன்றிலும் விற்றமின் புட்டிக்கு இடமில்லை. அரசு தன் கடமையைச் செய்யும்வரை நாம் ஓயப்போவதில்லை. அதற்கிடையில், இதனை வாசிக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டில் 35 வயதை எட்டிய பெண் யார், 45 வயதை எட்டிய பெண் யார் என்று இன்றே எண்ணிப் பார்ப்பாராக. அவர்களை அடுத்த கிளினிக் நாளிலேயே அழைத்துச் செல்வாராக.